சத்தம் கண்டுபிடிக்கும் ஆட்டம்

கேமராவை ஆன் பண்ணச் சொல்லியிருப்பாள். எல்லாருடைய கட்டத்திலும் முகம் வந்துவிட்டதே, அப்படியென்றால் பவதாரணி அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும், நானும் ஆன் பண்ணிவிட்டுச் சிரிக்கிறேன். மற்றவர்கள் சிரித்து முடிக்கும்போது நான் ஆரம்பிக்கிறேன், எத்தனை பழகினாலும் என் சிரிப்பு பிந்தித்தான் வருகிறது. திரையில் ஐந்து கட்டம். மேலே பவதாரணி, சென்னையில் மனிதவளத்தில் இருக்கிற பெண், வீட்டிலிருந்தே வேலை பார்த்து முகம் செத்துப்போன எங்களைத் திங்கட்கிழமைதோறும் கலகலப்பாக்குவது அவள் உத்தியோகம். ஐஸ்பிரேக்கர் என்பாள். பனிக்கட்டியை உடைப்பதாம். பாளையங்கோட்டையில் பனிக்கட்டிக்கு எங்கே போவது, மீன் பெட்டியில் இருந்தால் உண்டு. ஒரு வாரம் அவரவர் காப்பிக் கோப்பையைக் காட்டச் சொன்னாள், ஒரு வாரம் சின்ன வயதுப் போட்டோ, ஒரு வாரம் இரண்டு உண்மையும் ஒரு பொய்யும். அதெல்லாம் கண்ணுக்கு வேலை, சமாளித்துவிட்டேன். அவளுடைய குரல்தான் எனக்கு எமன். நூல் மாதிரி மெலிசு, காதுக்குள் வரும்போதே அறுந்துவிடும். அவளுக்குப் பக்கத்துக் கட்டத்தில் விசாலாட்சி, காரைக்குடியில் இருந்து வேலை பார்க்கிறவள், வாயைத் திறந்து தெளிவாகப் பேசுவாள், அவளை எனக்குப் பிடிக்கும். பிறகு அபுதாகிர், மேலப்பாளையத்துக்காரர், பழைய ஆபீசில் என் எதிர் மேஜை, தாடிக்குள் உதடு தெரியாது, மனுஷர் நல்லவர்தான், ஆனால் உதடு தெரியாதே. கீழே கண்ணபிரான் சார். அவர் ஏன் வந்திருக்கிறார்? எங்கள் எல்லாருக்கும் மேலதிகாரி, திங்கட்கிழமைக் கூத்துக்கு அவர் எட்டிப் பார்த்ததே கிடையாது. எனக்காகத்தான். வேறென்ன, எனக்காகத்தான் வந்திருக்கிறார்.

எங்கள் வேலை கேட்பது. வாடிக்கையாளர்கள் போன் பண்ணிச் சண்டை போடுவார்கள், கால் சென்டர் பிள்ளைகள் பதில் சொல்வார்கள், அந்தப் பதிவுகளைக் கேட்டு யார் மரியாதையாகப் பேசினார்கள், யார் தப்பாகச் சொன்னார்கள் என்று மார்க் போடுகிறோம். போன வாரம் ஒரு பையன் 'போங்க சார்' என்று வாடிக்கையாளரை விரட்டியதாக எழுதி மரியாதைக்குப் பூஜ்யம் போட்டேன். அவன் இல்லவே இல்லை என்று முறையிட, கண்ணபிரான் சாரே பதிவை எடுத்துக் கேட்டார். அவன் சொன்னது 'பொறுங்க சார்'. நடுவில் ஒரு 'று', அந்த 'று' என் காதுக்கு வந்து சேரவில்லை. மார்க்கைத் திருத்திவிட்டார், பையனுக்கு ஒன்றுமில்லை, எனக்கு மட்டும் ஒரு வரி மெயில் வந்தது, 'நீங்களா எஸ்தர் இப்படி?' என்று. அந்தக் கேள்விக்குறி இன்னும் தொண்டையில் மீன்முள்ளாகக் கிடக்கிறது. ஏனென்றால் பழைய ஆபீசில் எனக்குப் பாம்புச்செவி என்று பேர் வைத்தவரே அவர்தான். ஒரு பதிவில் பின்னால் யாரோ வாடிக்கையாளரின் காதில் 'கையெழுத்துப் போடாதீங்க' என்று முணுமுணுத்ததை ஆபீசே கோட்டைவிட, நான் பிடித்தேன். அன்றைக்கு எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டுகிற சத்தம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது, பொரி வறுபடுவது மாதிரி. இப்போது யாராவது தட்டினால் போர்வையை உதறுவது மாதிரி இருக்கிறது.

முதலில் போனது கோயிலில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாரும் எழுந்து பாடுகிறார்கள், ஆம்பிளைகள் பாடுவது மட்டும் கேட்கிறது, பொம்பிளைகள் வரிசையில் வாய் அசைகிறது, பாட்டைக் காணோம். ஏதோ எல்லாருக்கும் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்தேன் பாருங்கள், எல்லாருக்கும் ஒரே நாளில்! பிறகு மொபைல் மணி போயிற்று, குயில் போயிற்று, குக்கர் விசில் போயிற்று. டாக்டர் ஒரு படம் காட்டினார், கோடு ஒழுங்காகப் போய் நடுவில் சறுக்குமரம் மாதிரி விழுந்தது. கனத்த சத்தம் கேட்கும், கீச்சென்ற சத்தம் போய்க்கொண்டே இருக்கும், இது திரும்பாது, ரெண்டு காதுக்கும் மிஷின் வையுங்கள் என்றார். மிஷின் வைத்துக்கொண்டு கேட்கிற வேலையில் உட்காருவதா? கண் பொட்டையானவனை யார் டிரைவராக வைத்துக்கொள்வார்கள்? என் புருஷன் டேனியலிடம்கூடச் சொல்லவில்லை. சளி அடைத்திருக்கிறது என்றேன். பாவம் அந்த மனுஷன், டிவி சத்தத்தைக் குறை என்று கெஞ்சுகிறார், நான் அவரையே நீங்க ஏன் வாய்க்குள்ள பேசுதிய என்று ஏறிவிழுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன், தெரியாமலா இருக்கிறது. பதிவுகளைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, திரும்பத் திரும்பக் கேட்டு, மற்றவர்கள் காலையில் முடிக்கிற வேலையைச் சாயங்காலம் வரை இழுத்துச் செய்கிறேன். இந்த வேலை போனால் நான் யார்? நன்றாகச் செய்யத் தெரிந்தது இது ஒன்றுதான், உலகத்தில் என்னைக் கைதட்டிப் பாராட்டியது இதற்காகத்தான்.

கூட்டத்தில் என்னைக் காப்பாற்றுவது கீழே ஓடுகிற எழுத்து. பேசப் பேச எழுத்தாக்கித் தரும் வசதி, என் திரையில் மட்டும் வைத்திருக்கிறேன், மற்றவர்களுக்குத் தெரியாது. என்ன கண்றாவி என்றால் அதற்கு இங்கிலீஷ் மட்டும்தான் வரும், தமிழைக் கேட்டால் உளறும். வணக்கம் என்றால் 'ஒன் எ கம்'. எல்லாரும் சாப்டாச்சா என்றால் 'எல்லோ ரூம் சப் டச்'. கண்ணபிரான் சாரை 'கேன் எ ப்ரான் சார்' என்று எழுதும், இறால் சார், அதைப் பார்த்து முதல் தடவை சிரித்துவிட்டு இருமலாக மாற்றினேன். எஸ்தர் என்ற என் பேர் 'எஸ்டர்டே' ஆகிவிடும். அந்த உளறலை மறுபடி தமிழாக்கப் படித்துக்கொண்டுவிட்டேன், இதற்கு யாரும் பரீட்சை வைத்தால் மாநிலத்தில் முதலாவதாக வருவேன். எஸ்டர்டே என்று ஓடினால் என்னைக் கூப்பிடுகிறார்கள், உடனே தலையை நிமிர்த்தி 'ஆங், சொல்லுங்க' என்று சொல்ல வேண்டும். இதோ ஓடுகிறது, 'ஸாட் தெம் கேன் டூ பீடி'. பீடியா? ஸாட் தெம், சத்தம். கேன் டூ பீடி. கண்டுபிடி. சத்தம் கண்டுபிடி. ஐயோ.

பவதாரணி திரையில் ஒரு தாளைக் காட்டுகிறாள், நல்ல வேளை எழுதி வைத்திருக்கிறாள். ஒவ்வொருவராகக் கேமராவை அணைத்துவிட்டு வீட்டில் உள்ள ஏதாவது ஒன்றை வைத்துச் சத்தம் எழுப்ப வேண்டும், மற்றவர்கள் மைக்கை மூடிக்கொண்டு கேட்டு, அது என்ன என்று சாட்டில் எழுத வேண்டும். நம்ம டீமே காதை வெச்சுப் பிழைக்கிற டீம்தானே என்று கீழே ஒரு வரி. ஜெயிக்கிறவர்களுக்குப் பாம்புச்செவி பட்டம். இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் அவளுக்கு? சார் சிரிக்கிறார். சார்தான். என்னைச் சோதிக்க இப்படி ஒரு ஆட்டமா, இல்லை எனக்குத்தான் பார்ப்பதெல்லாம் பேயா? கரண்ட் போய்விட்டது என்று வெளியே போய்விடலாம். லேப்டாப்பில் பேட்டரி இருப்பது எல்லாருக்கும் தெரியும். நெட் போய்விட்டது எனலாம், அதைப் போன வாரமே சொல்லியாயிற்று. ஷெரினுக்குக் காய்ச்சல் எனலாம், பிள்ளை பேரில் பொய் சொன்னால் வாய் அழுகாதா. அவள் ஹாலில் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருக்கிறாள், காலாண்டு லீவு, மீட்டிங் முடியிற வரைக்கும் இந்தப் பக்கம் வந்தே கொன்னுபுடுவேன் என்று மிரட்டி வைத்திருக்கிறேன். சமர்த்தாகத்தான் இருப்பாள். அபுதாகிரின் கட்டம் கறுப்பாகிவிட்டது. ஆரம்பித்துவிட்டார்.

ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடிக்கிறேன். பஞ்சுக்குள் ஏதோ நடமாடுகிறது. ஏதோ என்றால் ஏதோதான், உப்பா சர்க்கரையா என்று பார்வையால் சொல்வது மாதிரி. கீழே எழுத்து 'மியூசிக்' என்கிறது, அதற்குப் புரியாததெல்லாம் மியூசிக். சாட்டில் விசாலாட்சி 'சாவிக்கொத்து' என்று எழுதுகிறாள். என் விரல் அவள் பின்னாலேயே ஓடி 'சாவி' என்று தட்டிவிட்டது. சரிதான், சாவிதான். அபுதாகிர் திரும்ப வந்து கொத்தை ஆட்டிக் காட்டுகிறார், கண்ணுக்கு ஆடுகிறது, காதுக்கு ஆடவில்லை. இப்படியே விசாலாட்சியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம் என்று நினைக்கும்போதே சார் பேசுகிறார். சார் குரல் கட்டைக் குரல், கர்த்தர் கிருபையால் எனக்கு முக்கால்வாசி கேட்கும். "காப்பியடிக்கிறாங்கம்மா இங்க. எல்லாரும் உனக்கு மட்டும் தனியா அனுப்பட்டும்." பவதாரணி கட்டைவிரலை உயர்த்துகிறாள். முடிந்தது. இனி மற்றவர்கள் எழுதுவது எனக்குத் தெரியாது.

விசாலாட்சி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ நடந்து, கட்டம் கறுப்பாகிறது. ஒன்றுமே கேட்கவில்லை. முகங்களைத்தான் கேட்க வேண்டும். சார் தலையைச் சாய்க்கிறார், மேலே கூரையைப் பார்க்கிறார். பவதாரணி கண்ணை மூடிக்கொண்டாள். அபுதாகிரின் தொண்டை ஏறி இறங்குகிறது, எச்சில் விழுங்குகிறாரா? எச்சில் ஊறுகிற சத்தம் என்றால் அடுப்படி. லேப்டாப்போடு நடந்து போனாளே, அடுப்படிக்குத்தான் போயிருப்பாள். 'தாளிக்கிற சத்தம்' என்று எழுதி அனுப்புகிறேன். எழுத்து ஓடுகிறது, 'எஸ்டர்டே, எஸ்டர்டே', பிறகு ஏதோ 'கரெக்ட்'. எல்லாரும் என்னைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். மற்ற மூன்று பேரும் மழை என்று எழுதியிருக்கிறார்கள், தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருந்ததாம், நான் ஒருத்திதான் எண்ணெயில் கடுகு வெடித்ததைக் கண்டுபிடித்தேனாம். அபுதாகிர் ஒரு டம்ளரை எடுத்து இன்னொரு மடக்கு டீ குடிக்கிறார். ஓ, டீயா விழுங்கினீர் மனுஷா. "பாம்புச்செவின்னு சும்மாவா சொன்னேன்" என்று சார் சொல்கிறார். அழுகை வருகிறது. குருட்டாம்போக்கில் விழுந்த கல்லுக்குக் கிடைத்த மாங்காய். இது இன்னும் மோசம், இப்போது எல்லாரும் என்னையே பார்ப்பார்கள்.

சாருடைய முறை. கட்டம் கறுப்பாகிறது. முழங்கை இரண்டையும் மேஜையில் ஊன்றி, மூச்சை நிறுத்தி, உட்கார்ந்திருக்கிறேன். கேட்கிறது! டம். டம் டம். நிஜமாகக் கேட்கிறது, முகத்தைப் பார்த்து யூகித்ததல்ல, எழுத்தைப் பார்த்துத் திருப்பியதல்ல, என் காதுக்கே வந்த சத்தம். டம் டம் டம், யாரோ கதவைக் கையால் அடிக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் கிடைத்த மாதிரி இருக்கிறது எனக்கு. 'கதவு தட்டுறது' என்று எழுதி, ஒரு புள்ளியும் வைத்து அனுப்பினேன். சார் வந்துவிட்டார், கையைத் தூக்கிக் காட்டுகிறார், அதில் சின்னதாக ஒரு பூஜை மணி. பூஜை மணியா? பவதாரணி பதில்களைப் படிக்கிறாள் போலிருக்கிறது, ஒவ்வொரு பேராகச் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராகத் தலையாட்டுகிறார்கள், பிறகு எஸ்டர்டே ஓடுகிறது, பிறகு எல்லாரும் சிரிக்கிறார்கள். சார் மட்டும் சிரிக்கவில்லை. "மணியடிச்சா கதவு தட்டுற மாதிரியா இருக்கு உங்களுக்கு?" அவருடைய ஒவ்வொரு எழுத்தும் எனக்குக் கேட்கிறது, கேட்கக் கூடாததெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது. "சும்மா, சும்மா சார், தமாஷுக்கு" என்று சொல்லிவிட்டு, மைக் மூடியிருப்பதைப் பார்த்துத் திறந்து மறுபடி சொன்னேன். தமாஷை ரெண்டாம் தடவை சொன்னால் அது தமாஷா? "மீட்டிங் முடிஞ்சதும் ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க எஸ்தர்." இருக்கிறேன் சார். வேறு எங்கே போவேன்.

அப்படியானால் நான் கேட்டது என்ன? ரத்தம். காதுக்குள் என்னுடைய ரத்தமே அடித்திருக்கிறது, அதைக் கதவென்று எழுதி அனுப்பியிருக்கிறேன். டாக்டர் சொன்னார், சில பேருக்கு உள்ளேயே சத்தம் கேட்கும் என்று. இல்லாததும் கேட்க ஆரம்பித்துவிட்டது. அஞ்சு நிமிஷத்தில் என்ன சொல்வார்? கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கம்மா என்பார். மரியாதையாகத்தான் சொல்வார், அந்த மரியாதைக்கு நான் எத்தனை மார்க் போடுவது. ஒரு தடவை வேறு ஏதோ கோபத்தில் எல்லாரையும் பார்த்து, நான் பேசுறது செவிடன் காதுல ஊதுன சங்கா போகுது என்று கத்தினார். எல்லாரும் தலையைக் குனிந்தோம். என் ஒருத்திக்கு முதுகெல்லாம் வேர்த்தது. சங்கின் மேல் யாருக்கும் குறையில்லை, ஊதுகிறவன் மேலும் இல்லை. அந்தச் செவிடனுக்கு அப்போது எப்படி இருந்தது என்று ஒருத்தராவது கேட்டிருக்கிறார்களா, ஊதுகிறவனின் கன்னம் உப்புவதையே பார்த்துக்கொண்டு, நாமும் தலையாட்ட வேண்டுமே, எப்போது ஆட்டுவது என்று அவன் எத்தனை தவித்தானோ. மறுபடி டம் என்றது. ஒரே ஒரு டம், பிறகு இல்லை. கேட்காதே, அது ரத்தம். எழுத்து ஓடுகிறது, 'எஸ்டர்டே யுவர் டர்ன்'.

கேமராவை அணைத்தேன், மைக்கைத் திறந்தேன். மேஜையில் குண்டூசி டப்பா இருக்கிறது, அதைத்தான் ஆட்டப்போகிறேன். ஆட்டுகிறேன், விபூதி டப்பாவை ஆட்டுவது மாதிரி எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அவர்களுக்குச் சலங்கை மாதிரி கேட்குமாயிருக்கும். முகங்களைப் பார்க்கிறேன். என்ன இது, யாரும் யோசிக்கிற முகமாக இல்லையே. விசாலாட்சியின் கை நெஞ்சுக்குப் போகிறது. அபுதாகிர் டம்ளரை வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வருகிறார். சார் புருவத்தைச் சுருக்குகிறார். இன்னும் வேகமாக ஆட்டுகிறேன். குண்டூசிக்கு ஏன் நெஞ்சில் கைவைக்க வேண்டும்? பவதாரணியின் உதடு அசைகிறது, கையைக் காட்டி நிறுத்தச் சொல்கிறாள், நிறுத்தினேன். நிறுத்தியும் எழுத்து ஓடுகிறது. 'ஐம் ஏ.' இது யார் பேசுகிறார்கள்? யார் உதடும் அசையவில்லை. 'ஐம் ஏ. ஐம் ஏ.' எழுத்துக்குப் பக்கத்தில் பேசுகிறவர் பேர் வரும், அதில் என் பேர் இருக்கிறது. நான் பேசவில்லையே. ஐம் ஏ. யம் மா. யம்மா.

சாட் பெட்டியில் எல்லாரும் எல்லாருக்கும் எழுதுகிறார்கள். 'அக்கா பாப்பா அழுவுது'. 'எஸ்தர், புள்ள கூப்புடுது, போய்ப் பாருங்க'. சார் பேசுவது கேட்கிறது. "ஹெட்போன் மாட்டியிருக்காங்கள்ல, அதான் கேக்கல. எஸ்தர், பாருங்கம்மா, குழந்தை ரொம்ப நேரமா கத்துது போல." ஹெட்போன். ஆமாம், ஹெட்போன் மாட்டியிருந்தால் யாருக்குத்தான் கேட்கும், கடவுளே கையில் கொடுத்த சாக்கு, கதவு தட்டினது என்று எழுதியதற்குக்கூட இனி அர்த்தம் வந்துவிட்டது, என் வீட்டுக் கதவு சார், பிள்ளை தட்டியிருக்கா சார் என்று சிரித்துச் சொல்லிவிடலாம், பாம்புச்செவி பட்டமே கொடுத்துவிடுவார்கள். ரத்தம் இல்லை. நான் கேட்டது நிஜம், ஷெரின் அடித்திருக்கிறாள், நான் அதை ஆட்டத்துக்குப் பதிலாக எழுதி அனுப்பியிருக்கிறேன். ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். காற்றாடி ஓடுகிறது. அவ்வளவுதான் கேட்கிறது, மேலே காற்றாடி ஓடுகிறது. 'ஐம் ஏ' என்று திரையில் ஓடுகிறது. இப்போது, இந்த நொடி, என் பிள்ளை கத்திக்கொண்டிருக்கிறாள், என் காதில் ஹெட்போன் இல்லை, சாக்கு இல்லை, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹாலுக்கு ஓடினேன். கலர் பென்சில்கள் கிடக்கின்றன, அவள் இல்லை. "ஷெரின்! ஏட்டி ஷெரின்!" கூப்பிட்டால் பதில் சொல்வாள், சொல்லிக்கொண்டுதான் இருப்பாள், எந்தப் பக்கமிருந்து? விழுந்துவிட்டாளா, கையில் ஏதாவது மாட்டிக்கொண்டாளா, மேலேயா, கீழேயா? உலகத்தில் அவள் குரல் தெரிகிற இடம் எனக்கு அந்தத் திரை ஒன்றுதான். திரும்ப ஓடி வந்து லேப்டாப்பை வயரோடு பிடுங்கி எடுத்தேன், கேமராவைத் திறந்தேன். நான்கு முகமும் என்னைப் பார்க்கின்றன.

"எனக்குக் காது கேக்கல" என்று சொன்னேன். என் குரல் எனக்கு எங்கோ தூரத்தில் இருந்து வருகிறது. "ஹெட்போனக் கழட்டிட்டேன், அப்பவும் கேக்கல. ரொம்ப நாளா இப்படித்தான். சார், பொறவு என்ன வேணும்னாலும் பேசிக்கலாம். இப்ப நான் லேப்டாப்பத் தூக்கிட்டு நடக்கேன், எங்க போனா சத்தம் கூடுதுன்னு எழுதுங்க. பேசாதீங்க, எழுதுங்க." நால்வரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். நடந்தேன். ஹால். 'கம்மியாவுது' என்று விசாலாட்சி. படுக்கையறை. 'கேக்கவே இல்ல'. குளியலறைக் கதவைத் தள்ளினேன், காலி, 'இல்ல இல்ல திரும்புங்க' என்று பவதாரணி. திரும்பி என் அறைக்கே வந்தேன், ஜன்னல் பக்கம் லேப்டாப்பை நீட்டினேன். 'கூடுது'. 'கூடுதுக்கா'. 'வெளிய இருந்து வருது எஸ்தர், தகரம் அடிக்கிற சத்தமும் கேக்குது' என்று அபுதாகிர். தகரம். மொட்டைமாடித் தகரக் கதவு, காற்றில் சாத்தினால் உள்பக்கத் தாழ்ப்பாள் தானே விழுந்துவிடும், வீட்டு ஓனரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். சமையலறையைத் தாண்டிப் படியேறினேன். ஏற ஏற எழுத்து கொட்டுகிறது, 'கூடுது கூடுது', 'அங்கதான்', சார்கூட எழுதுகிறார், ஒரு விரலால் தட்டித் தட்டி, 'பக்கம் வந்துட்டீங்க'. கதவில் கை வைத்தேன், உள்ளங்கையில் அதிர்ந்தது, அந்தப் பக்கத்தில் இருந்து இரண்டு சின்னக் கைகள் அடிக்கின்றன.

லேப்டாப்பைப் படியில் வைத்துவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினேன். வெயில். தோளில் காய்ந்த துணிகளைப் போட்டுக்கொண்டு, மூக்கு ஒழுக, முகமெல்லாம் சிவந்து நிற்கிறாள், மீட்டிங் முடிவதற்குள் துணியை எடுத்து வந்து எனக்கு ஒத்தாசை செய்ய ஏறியிருக்கிறாள் என் மகள். வாய் அகலத் திறந்து மூடுகிறது, திறந்து மூடுகிறது, வெறும் வாய். துணியோடு அவளைத் தூக்கிக்கொண்டேன். என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக் காதோரம் ஏதோ சொல்கிறாள், மூச்சுச் சூடு மட்டும் வருகிறது. அவளை இறக்கி நிறுத்தி, முகத்தை இரண்டு கையாலும் பிடித்து எனக்கு நேராகத் திருப்பினேன். இப்போது உதடு தெரிகிறது. எவ்ளோ கூப்ட்டேன், ஏம்மா வரல? அதைத்தான் கேட்கிறாள். கன்னத்தைத் துடைத்துவிட்டேன். பின்னால் படியில் லேப்டாப்புக்குள் அவர்கள் இருக்கிறார்கள், என் மைக் திறந்தே கிடக்கிறது, பவதாரணி வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள், சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இருக்கட்டும். கேட்கிற வேலையில் இருக்கிறவர்கள், கேட்கட்டும்.

"அம்மாவுக்குக் காது கேக்காதுட்டி" என்று அவளிடம் சொல்கிறேன். "நீ கூப்பிட்டா எனக்குத் தெரியாது."